கோடு போடுகிறவள்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் வெள்ளளம் ஊரில் உப்பு வாருகிறவர்களின் முதுகில் எழுத்து வந்தது. முதலில் வந்தது பிச்சைக்கனிக்கு. உப்பளத்திலிருந்து திரும்பி, தெருக்குழாயடியில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் குனிந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அவருடைய இடது விலாவுக்குக் கீழே, நன்றாகப் பிடித்த மருதாணியின் நிறத்தில், ஓர் ஆங்கில எழுத்தும் பதினேழு என்ற எண்ணும் ஒரு புள்ளியும் புள்ளிக்கு அப்பால் ஒரு சைபரும் இருப்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, யார் குடத்தை முதலில் வைப்பது என்ற சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அளத்துக்குப் போகிற வீடுகளில் பாதி வீட்டில் யாருக்காவது முதுகில் எழுத்து இருந்தது, வாருகிற ஆண்களுக்கும் இருந்தது, சுமக்கிற பெண்களுக்கும் இருந்தது.

சோப்புப் போட்டார்கள், போகவில்லை. செங்கல் தூளால் தேய்த்தார்கள், தோல்தான் போனது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார்கள், ஆள் நாறினானே தவிர எழுத்து அப்படியே இருந்தது. அதோடு ஊர் அந்த முயற்சியை விட்டுவிட்டது. வெள்ளளத்துக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு, போகாது என்று தெரிந்த எதையும் அவர்கள் சீக்கிரமே ஏதாவது ஒரு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். தையல்கடை மீரான் முதுகு மறைக்கிற ரவிக்கை, முதுகு காட்டுகிற ரவிக்கை என்று இரண்டு மாதிரி தைத்துத் தொங்கவிட்டார். மாதா கோயிலில் ஃபாதர் எல்லோரும் சட்டையோடு வரவேண்டும் என்றார், அம்மன் கோயிலில் பூசாரி எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்றார், இரண்டு பேரும் சொன்ன காரணம் மரியாதை. கல்யாணத் தரகர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.

எழுத்து என்ன சொல்கிறது என்று தெரிந்தவள் அந்த ஊரில் சந்தனமாரி ஒருத்திதான். விலங்கியல் படித்து, அப்புறம் தூத்துக்குடியில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வேலை செய்கிறவள். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பு இங்கே வரும், அதை வாசித்து, அந்த நோய்க்கு உரிய எழுத்தையும் எண்ணையும் போட்டு இவள் திருப்பி அனுப்புவாள். அந்த எண்ணுக்கு இங்கிலீஷில் பெயர் கோடு. அவளுடைய மாமியார் தெருவெல்லாம் "எம் மருமவ அமெரிக்காவுக்குக் கோடு போடுதா" என்று சொல்லி வைத்திருந்ததால், அவள் ஸ்கேலும் பென்சிலும் வைத்து நோட்டுகளில் கோடு இழுக்கிறாள் என்றே ஊரில் பலரும் நம்பினார்கள், ஒரு கோடு போடத் தெரியாத அமெரிக்காவைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அந்த வேலைக்கு இரண்டு கட்டளைகள்தான். டாக்டர் எழுதாததைப் போடக்கூடாது. எழுதியதை மாற்றக்கூடாது. சந்தனமாரி இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றிப் போட்டவள் இல்லை, அது அவளுக்குப் பெருமை, அந்தப் பெருமையைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்திருந்தாள்.

பிச்சைக்கனி அவளிடம் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு பிள்ள."

"என் பதினேழு, பெரியப்பா. கிட்னி திடீர்னு வேலைய நிறுத்துதுன்னு அர்த்தம்."

"என் பதினேழா? அப்ப என்னோடதுதான்." அவருக்கு அது பிடித்திருந்தது. "புள்ளிக்கு அங்கிட்டு சைபரு?"

"கிட்னிக்குள்ள சின்னச் சின்னக் குழா இருக்கும். அதோட சதையெல்லாம் செத்துட்டு வருதுன்னு அர்த்தம். வெயில்ல தண்ணி குடிக்காம வேல பாத்தா அப்படி ஆவும். நீங்க இன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போவணும் பெரியப்பா."

அடுத்து உட்கார்ந்தவள் உப்புச் சுமக்கிற நட்சத்திரம். அவளுடைய புள்ளிக்கு அப்பால் இருந்தது ஒன்பது.

"இது என்னன்னு சொல்லலன்னு அர்த்தம்க்கா."

"யாரு சொல்லல?"

"டாக்டரு."

"எந்த டாக்டரு என் முதுவப் பாத்தாரு?"

"அதான்க்கா. யாரும் பாக்கல."

இதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. அளத்துக் கங்காணி புன்னைவனம், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத மனிதர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "சைபர்னா ஒண்ணுமில்ல. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். ஒண்ணுமில்லாதவனப் போயி அந்தப் பிள்ள சதை செத்துப்போச்சுங்கா. இருக்க நம்பர்லயே பெரிய நம்பர் வந்தவளப் பாத்து, என்னன்னு சொல்லலங்கா. அமெரிக்காவுல வேணா அப்படி இருக்கும்." கேட்டவர்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. சந்தனமாரி வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். அவளுக்கு மோர் கொடுத்து, சரிம்மா சரிம்மா என்று கேட்டு, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்கள்.

ஒன்பது என்று சொல்லி ஆட்களைக் கேலி செய்கிற கெட்ட வழக்கம் ஏற்கெனவே ஊரில் இருந்ததால், அந்த எண்ணை வாயால் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அதற்கு 'வால்' என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது, சைபருக்கு ஒரு வால் முளைத்தால் ஒன்பது. வால்காரர்களுக்கு டீக்கடையில் காகிதக் கப்பில் டீ கொடுத்தார்கள். அவர்கள் முதுகு பட்ட சுவரில் மற்றவர்கள் சாயவில்லை. ஒட்டிக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில், வால் வந்த ஆளை வந்த அன்றைக்கே லோடு ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றி, படுக்கையில் கிடக்கச் சொன்னதில் பெரும்பாலும் எல்லோரும் தேறினார்கள். தேறி வந்தபோது அவர்கள் முதுகு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்து ஊர் படித்துக்கொண்ட பாடம், வால் எவ்வளவு பொல்லாதது, ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துவிட்டதே என்பதுதான்.

சைபர்காரர்களுக்கு மரியாதை. உச்சிவெயிலில் உப்புப் பாத்திக்குள் யாரும் இறங்காத வழக்கத்தை மாற்றி, ஒன்றுமில்லாத உடம்புக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று புன்னைவனம் அவர்களை மத்தியானத்திலும் வாரவிட்டார். அதற்கு 'சைபர் செட்' என்று பேர். சைபர் செட் அளத்துக்குள் போகும்போது மற்றவர்கள் வழிவிட்டு நின்றார்கள், பெண் வீட்டார் வரப்பில் நின்று மாப்பிள்ளை பார்த்தார்கள்.

சந்தனமாரியின் புருஷன் லிங்கதுரைக்கு எழுத்து கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவன் அவளுக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே அளத்தில் நிற்கிறவன், அவள் சம்பாத்தியத்தில் வீடு நடந்தாலும் வாருபலகையைப் பிடிக்காவிட்டால் கை வெறுமையாக இருக்கிறது என்பவன். துண்டு மாற்றும்போது முதுகைத் திருப்பி, "பாத்துச் சொல்லு" என்றான். சைபர். அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மாமியார், விஷயம் கேட்டு, தெருவுக்கே கல்கண்டு கொடுத்தாள்.

மறு வாரம் பிச்சைக்கனி உச்சிவெயிலில் பாத்திக்குள்ளேயே விழுந்தார். தூக்கிக் கரையில் போட்டபோது மூச்சு இல்லை. முதல் சைபர், எல்லோரும் வாய்விட்டுப் புகழ்ந்த சைபர், கண் பட்டுவிட்டது என்று அவர் மனைவி பாக்கியத்தாயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அழுதாள். அளத்து வாசலில் ஒரு பூசணிக்காயும், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரமும் தொங்கின. சைபர் செட்டில் அவர் இடத்துக்கு அவர் மகனே வந்தான்.

லிங்கதுரைக்கு மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போக ஆரம்பித்து, பிறகு அதுவும் அரை டம்ளர் என்று ஆயிற்று. காலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. அவள் கெஞ்சினாள், கத்தினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் சும்மா ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பொய் சொல்லித்தான் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக முடிந்தது. அங்கே டாக்டர் எஸ்தர் அவன் காலை அழுத்திப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், முதுகையும் பார்த்தார். அந்த எழுத்தை அவர் வேண்டிய மட்டும் பார்த்திருந்தார்.

"முதுவுல இருக்கத வச்சு நான் எழுத முடியாது. ரத்தம் பாத்தாத்தான் உறுதி. ஆனா எனக்கு அந்தச் சந்தேகம்தான். இப்பவே பெரியாஸ்பத்திரில போய் அட்மிட் ஆயிருங்க" என்று சொல்லி, சீட்டில் நோயின் பெயரை எழுதி, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் லிங்கதுரை சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"கேள்விக்குறிதான போட்டிருக்காவ. நோயின்னா போட்டிருக்கு?"

"சந்தேகம்னு போட்டிருக்கு. போயிச் சேந்தா தெரிஞ்சிரும்."

"நீ கோடு போடுதவதான. ஒங்க சட்டத்துல கேள்விக்குறி போட்டா என்ன செய்வீய? உள்ளதச் சொல்லு."

அவளுக்குப் பொய் வரவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு உள்ளதுதான் வாயில் வரும். "சீட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போறவருன்னா, சந்தேகத்துக்குக் கோடு கிடையாது, அந்த நோய் இல்லன்னு கணக்கு. படுக்கையில சேந்தவருன்னா, கடைசி வர அந்தச் சந்தேகம் இருந்தா, இருக்குன்னு கணக்கு."

அவன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. "அப்ப உள்ள போனாத்தான நோயி. வீட்டுக்கு வந்துட்டா இல்லன்னு நீயே சொல்லுத." சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். வீங்கிய கால் சரிந்து சரிந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே அவள் நடந்தாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அளத்துக்கு லீவு. மத்தியானம் அவள் கொல்லையிலிருந்து மருதாணி உருவி, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து வெண்ணெய் மாதிரி அரைத்தாள். அவன் பாயில் குப்புறப் படுத்திருந்தான்.

"என்னது அது?"

"ஒடம்புச் சூட்டுக்கு. சட்டையத் தூக்குங்க."

அவன் சட்டையைத் தூக்கினான். அவள் ஒரு ஈர்க்கை எடுத்து விழுதில் தொட்டாள். எழுதியதை மாற்றக்கூடாது என்ற கட்டளையை வேதம் மாதிரி வைத்திருந்தவள் அவள். யார் எழுதினார்கள் என்று தெரியாவிட்டாலும் இது எழுதப்பட்டதுதான், இதில் கை வைப்பது திருட்டு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள். சைபரின் வலது பக்கத்திலிருந்து கீழே, லேசாக வளைத்து, ஒரு கோடு போட்டாள். அது காய்கிற வரைக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கிவிட்டான் போல இருந்தது.

திங்கட்கிழமை அளத்து வாசலில் புன்னைவனம் சைபர் செட்டை வரிசையில் நிறுத்தி முதுகு பார்த்தார். லிங்கதுரையிடம் வந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஏல, ஒனக்கு வாலு மொளச்சிருக்குலே!"

வரிசை கலைந்தது. அவனோடு ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள் அவன் தொட்ட பலகையைக் காலால் தள்ளிவிட்டார்கள். லோடு ஆட்டோ வந்தது. சந்தனமாரி ஏற்கெனவே துணிப்பையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்ததை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் மட்டும் வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பையனின் உயிருக்காக அல்ல, போன மரியாதைக்காக.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். கேள்விக்குறியை அடித்துவிட்டு நோயின் பெயரை மட்டும் எழுதினார்கள். இன்னும் ஒரு மத்தியானம் தாங்கியிருக்கமாட்டார் என்று சின்ன டாக்டர் சொன்னார். கழுத்தில் குழாய் போட்டு, மெஷினில் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், மறுபடி செய்தார்கள், செத்த சதை திரும்ப வளரும், வளர்கிறதா பார்ப்போம் என்று சொல்லிக் காத்திருந்தார்கள். கட்டிலில் தொங்கிய பையில் மூத்திரம் நிறைய ஆரம்பித்த அன்றைக்குச் சந்தனமாரி அந்தப் பையைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். வேறு எதைப் பார்த்தும் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் லிங்கதுரை கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சூட்டுக்கு மருதாணி வைக்கவ உள்ளங்கையில வைப்பா, உள்ளங்கால்ல வைப்பா. முதுவுல போயி ஒத்தக் கோடு போடுவாளா?"

"பெறவு ஏன் சும்மா கெடந்திய?"

"பயமா இருந்துச்சு மாரி. பிச்சைக்கனியத் தூக்குனது நாந்தான். அன்னையிலருந்தே பயம். சைபர் செட்டுல நிக்கவன் பயமாருக்குன்னு யாருகிட்ட சொல்ல முடியும்?"

மாற்றுத் துணி எடுக்க அவள் ஊருக்கு வந்தபோது வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் மூடிய கிண்ணம் இருந்தது, தெருவே மருதாணி வாசம் அடித்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை மருதாணி அரைத்ததையும் மறுநாள் அவனுக்கு வால் முளைத்ததையும் அவர்கள் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். முதலில் எழுந்தவள் பாக்கியத்தாய். மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"இவனுக்கும் ஒரு வாலு போட்டு விடு, தாயி."

சந்தனமாரிக்குக் கோபம் வந்தது. "கண்ணு பட்டுதான் செத்தாருன்னு நீங்கதான பெரியம்மா சொன்னிய?"

"சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நீ வந்து சொன்ன அன்னைக்கே அவியளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாரும் ஒண்ணுமில்லங்கும்போது, எனக்கு இருக்குன்னு எந்தக் கிறுக்கன் சொல்லுவான்?" கிழவி கிண்ணத்தைத் திறந்தாள். "பேச்சு எதுக்கு? போடு."

அவள் போட்டாள். வரிசையாக முதுகுகள் வந்தன, திரும்பி உட்கார்ந்தன, அவள் ஒவ்வொரு சைபருக்கும் ஒரு கோடு இழுத்தாள், ஆண்களுக்குப் போட்டாள், சுமக்கிற பெண்களுக்குப் போட்டாள், போட்டுக்கொண்டவர்கள் தும்மலுக்கு மருந்து வாங்கியவர்கள் மாதிரி சாதாரணமாக எழுந்து போனார்கள். எல்லோரும் போனபிறகு புன்னைவனத்தின் மனைவி முந்தானைக்குள் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வந்து, "அவிய வெளிய வரமாட்டாவ, எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லு" என்று கேட்டாள்.

மறுநாள் அளத்து வாசலில் முதுகு பார்த்தபோது சைபர் என்று ஒருவர்கூட இல்லை. புன்னைவனம் வரிசையின் கடைசி வரை போனார், அத்தனை முதுகிலும் வாசம் போகாத மருதாணி. சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். மத்தியான வேலை நின்றது. ஆட்டோ அன்றைக்கு முழுக்க ஓடியது, கடைசி நடையில் டிரைவர் பக்கத்தில் அவரும் ஏறி உட்கார்ந்தார், கணக்குப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஊரில் ஒரு மருதாணிச் செடியிலும் இலை இல்லை. எல்லோருமே வால்காரர்கள் ஆனதால் டீக்கடையில் காகிதக் கப் தீர்ந்துபோய், பழையபடி கண்ணாடி டம்ளர் வந்தது.

லிங்கதுரை வீட்டுக்கு வந்த அன்று அவள் குழாயடியில் அவனை உட்காரவைத்து முதுகு தேய்த்துவிட்டாள்.

"என்ன போட்டிருக்கு இப்ப?" என்று கேட்டான். முதுகைத் தானே பார்க்க யாருக்கும் முடியாது.

அவள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். எழுத்து போயிருந்தது, பதினேழு போயிருந்தது, புள்ளியும் சைபரும் போயிருந்தன. மங்கிப்போயிருக்க வேண்டிய மருதாணி மட்டும், அவள் ஈர்க்கால் இழுத்தபடியே, லேசாக வளைந்து நின்றது. அப்படி ஒன்றுக்கு அவளுடைய புத்தகங்கள் எதிலும் அர்த்தம் கிடையாது, அமெரிக்காவுக்கு அனுப்பினால் தப்பு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நான் போட்ட கோடு மட்டும் இருக்கு."

பிறகு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அவன் கையில் கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.